கொடிவழி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள், குழந்தைகளின் ரத்த நோய்களைப் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் கேட்டார்கள். நோய்களை வரிசையாக அடுக்கினால் அது வகுப்பாகிவிடும். மாணவர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டேன். பாஸ்டன் நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்த லூயி டயமண்டின் கதை.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் தொப்புள்கொடிக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். காய்ந்து விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோத்துவிடுவார்கள். கடல் தாண்டி இருப்பவர்களோடு உள்ள பந்தத்தைச் சொல்ல வேண்டுமென்றால் மேடைக்கு மேடை தொப்புள்கொடி உறவு என்பார்கள். வம்ச வரிசைக்கே கொடிவழி என்றுதான் பெயர். பிரசவ அறையில் மட்டும் அது கிளாம்ப் போட்டுக் கத்தரித்துவிட்டு மறந்துபோகிற சாமான். வெட்டிய அந்த முனையில் ஒரு வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, சாகக் கிடந்த குழந்தைகளின் ரத்தத்தையே மாற்றிக் காட்டியவர் டயமண்ட்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை தந்தது ஓர் இரவு. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா டியூப் எங்கே?

1980களின் நடுப்பகுதி. நான் பி.ஜி. படித்துக்கொண்டிருந்தேன். நைட் டியூட்டி. மணி ஒன்றரை இருக்கும். பிறந்து பதினாறு மணி நேரமே ஆன ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டி ஓடிவந்தார். குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தால் அழுத்திய இடம் மஞ்சளாக நின்றது. முதல் நாளிலேயே மஞ்சள் என்றால் அது சாதாரண மஞ்சள் இல்லை என்பது எந்த மாணவனுக்கும் தெரியும். தாய் ஆர்ஹெச் நெகட்டிவ். இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குப் பிறகு ஊசி எதுவும் போட்டதாக அவருக்கு நினைவில்லை. போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ரத்தம் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். குழந்தையின் ரத்தத்தை ஒரு டியூபில் எடுத்து, 'ஓ நெகட்டிவ், மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி, ரத்த வங்கிக்கு ஆள் அனுப்பினேன். இருபது நிமிடம் ஆயிற்று, பாட்டில் வரவில்லை. அப்போது எங்கள் பக்கம் கண்ணாடிப் பாட்டில்தான். பை முழுதாக வந்திருக்கவில்லை. போனில் கத்தினேன். பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ரத்த வங்கி மருத்துவ அதிகாரியே மாடியேறி வந்து நின்றார். ஐம்பது வயது அம்மையார். மூச்சு வாங்கிக்கொண்டே, நான் அனுப்பிய டியூபைக் காட்டிக் கேட்டார்:

"என்னப்பா, பிள்ளை டியூப மட்டும் அனுப்பியிருக்க. அம்மா டியூப் எங்க?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கிக்கொண்டிருக்கும் எதிர்ப்புப் பொருள் தாயின் உடம்பில் உண்டானது. கொடி வழியாகக் குழந்தைக்குள் வந்து சேர்ந்தது அதில் ஒரு பங்குதான். ஊற்று தாயிடம் இருக்கிறது. புதிதாக ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துக்கொள்ளுமா என்பதைத் தாயின் சீரத்தோடு கிராஸ் மேட்ச் செய்துதான் பார்க்க வேண்டும். பாடத்தில் படித்ததுதான். அவசரத்தில் அடிப்படையையே விட்டுவிட்டு, தாமதத்துக்கு ரத்த வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாயின் கையில் அவரே ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று மணிக்குப் பாட்டில் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த பேசினில் அதை வைத்துச் சூடு காட்டினோம். கொடியின் காய்ந்த நுனியைச் சீவியதும் மூன்று துவாரம் தெரிந்தது. இரண்டு சின்னது, சுவர் தடித்தது: அவை தமனிகள். மூன்றாவது வாய் தளர்ந்து திறந்திருந்தது: அது சிரை. அதற்குள் மெல்லிய குழாயைச் செலுத்தினேன். இருபது மில்லி வெளியே, இருபது மில்லி உள்ளே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கோடு குறுக்கே. இருபத்தைந்து சுற்று, ஐந்நூறு மில்லி. மூன்று கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்தம் இருப்பதே ஒரு டம்ளர் ரத்தம். அதைப்போல் இரண்டு மடங்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் குழந்தையின் சொந்தச் சிவப்பணுக்களில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளியேறிவிடும். முதலில் வெளியே வந்த ரத்தத்துக்கும் கடைசியில் வந்ததற்கும் நிறமே வேறாக இருந்தது. முடிக்கும்போது ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது.

அந்தக் குழாயை அந்தச் சிரைக்குள் செலுத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் யூனிட் சீஃப். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய சீஃப். அப்படியே பின்னோக்கிப் போனால் அந்தக் கொடிவழி 1946-ல் பாஸ்டனில் போய் நிற்கிறது.

மூன்று பெயர், ஒரு நோய்

டயமண்ட் 1902-ல் கிஷினேவில் பிறந்தவர். அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஊர்; இன்று மால்டோவாவின் தலைநகரம். அங்கே 1903-ல் யூதர்கள் மீது நடந்த படுகொலை உலகையே அதிரவைத்தது. அடுத்த ஆண்டு அவருடைய குடும்பம் கப்பலேறி அமெரிக்கா வந்தது. நியூயார்க்கில் வளர்ந்து, ஹார்வர்டில் சேர்ந்து, 1927-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் கென்னத் பிளாக்ஃபேன் என்ற பெரிய ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். குழந்தைகளின் ரத்த நோய்க்கென்று தனிப் பிரிவு என்பது அன்று எங்குமே இல்லாத கருத்து. அதை முதலில் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் டயமண்ட்.

அன்றைய பிரசவ அறைகளில் மூன்று வேறு வேறு துயரங்கள் இருந்தன. சில குழந்தைகள் உடம்பெல்லாம் நீர்கோத்து, பெரும்பாலும் இறந்தே பிறந்தன. சில நல்லபடியாகப் பிறந்து, மறுநாளே கடும் மஞ்சளாகி இறந்தன. சில மஞ்சள் இல்லாமல், நாளுக்கு நாள் வெளுத்துப்போய்ச் சோகையில் மடிந்தன. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று அத்தியாயம், மூன்று விதமான விளக்கம். ஒரே தாய்க்கு ஒன்று இப்படியும் இன்னொன்று அப்படியும் பிறந்த குடும்பங்களும் இருந்தன.

டயமண்ட் செய்தது மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்ததுதான். மூன்று வகைக் குழந்தைகளின் ரத்தத்திலும் ஒன்று பொதுவாக இருந்தது. எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருக்க வேண்டிய, இன்னும் உட்கரு நீங்காத இளம் சிவப்பணுக்கள், எரித்ரோபிளாஸ்ட்கள், ஓடும் ரத்தத்தில் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. எங்கேயோ சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, ஈடுகட்ட முடியாமல் உடம்பு அரைவேக்காட்டுச் செல்களையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று இன்று நாம் படிக்கிறோம். 1932-ல் டயமண்டும் பிளாக்ஃபேனும் பேட்டி என்ற மருத்துவரும் எழுதிய கட்டுரை, மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்றது. காரணம் என்ன என்று அவர்கள் அப்போது நினைத்தது தவறு. ரத்தம் உற்பத்தியாவதில் உள்ள கோளாறு என்றே கருதினார்கள். ஆனால் மூன்றையும் ஒரே கூடையில் போட்டது சரி. கூடை சரியாக இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதற்குள் காரணத்தைத் தேட முடிந்தது.

காரணத்தை நெருங்கியவர்களில் ஒருவரை மாணவர்கள் மறக்கக் கூடாது. சிகாகோவைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ரூத் டாரோ. தம் சொந்தக் குழந்தைகளையே இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக ஏதோ தயாரிக்கிறது, அது குழந்தைக்குள் திரும்பிப் போகிறது என்று 1938-ல் எழுதினார். தூண்டும் பொருள் எது என்பதில் அவர் கணிப்பு பிசகியது. நாடகத்தின் கதையைச் சரியாகச் சொல்லிவிட்டார். அதே காலத்தில், நியூயார்க்கில் இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு, கணவர் ஒரே குரூப் என்பதால் அவருடைய ரத்தத்தை ஏற்றினார்கள். உயிர் போகும் அளவுக்கு ஒவ்வாமை. ஃபிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் அவருடைய சீரத்தை, குரூப் ஒத்துப்போன 104 பேரின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். 80 பேருடையது திரிந்துபோனது. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்று தாய்க்கு அந்நியமாகிவிட்டது. 1940-ல் லேண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்ஹெச் காரணியை அறிவித்தார்கள். 1941-ல் லெவின் எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டினார்: டயமண்டின் கூடையில் இருந்த நோய்க்குக் காரணம் ஆர்ஹெச்.

கவனியுங்கள். இந்தக் கதையின் விடை குழந்தை வார்டில் கிடைக்கவில்லை. ரத்தம் ஏற்றும் மேசையில் கிடைத்தது.

எரிகிற கூரை

காரணம் தெரிந்தது. மருந்து? தாயிடமிருந்து வந்துவிட்ட எதிர்ப்புப் பொருளைக் குழந்தையிடமிருந்து பிடுங்க மருந்து ஏது? வெளுத்த குழந்தைக்குக் கொஞ்சம் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். குழந்தை பாசிட்டிவ் என்பதற்காகப் பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினால் அதுவும் அழிந்தது. தீப்பிடித்த கூரைக்கு மறுபடி ஓலை வேய்வதைப் போல. ஓலையை இறக்கிவிட்டு ஓடு போட வேண்டும். அதாவது தாக்கப்படும் அணுக்களை வெளியே எடுத்துவிட்டு, தாயின் எதிர்ப்புப் பொருள் தொட முடியாத நெகட்டிவ் அணுக்களைப் போட வேண்டும். அந்த அணுக்கள் சில வாரம் தாக்குப்பிடித்தால் போதும். அதற்குள் தாயிடமிருந்து வந்த விஷம் கரைந்துவிடும், குழந்தை தன் ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கூடவே, உடைந்த அணுக்களிலிருந்து சேர்ந்த பிலிருபினும் வெளியேறும். அதுதான் மூளைக்குள் படிந்து, பிழைத்த குழந்தையையும் காது கேளாமல், கைகால் முறுக்கிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுவது.

ரத்தம் மாற்றுவது என்ற எண்ணம் டயமண்டுக்கு முன்பே இருந்தது. 1925-லேயே டொரண்டோவில் ஹார்ட் என்ற மருத்துவர், உடன்பிறந்தவர்களை மஞ்சளுக்குக் காவு கொடுத்திருந்த ஒரு குழந்தைக்குச் செய்து காட்டினார். சிக்கல் வழியில்தான் இருந்தது. குழந்தையின் தலை உச்சிக்குழிக்குக் கீழே ஓடும் பெரிய சிரைக்குள் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூளைக்கு மேலே இரும்பு ஊசி. கைமணிக்கட்டுத் தமனியைத் திறந்து எடுக்கும் முறையும் வந்தது. எல்லாம் தேர்ந்த கை இருந்தால் மட்டும் நடக்கும் வித்தை. மாவட்ட ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் ஒரு பி.ஜி. செய்யக்கூடியது இல்லை.

டயமண்ட் இயற்கையே விட்டுவைத்த வாசலைப் பார்த்தார். பிறந்த சில நாள் வரை தொப்புள் சிரை மூடிக்கொள்வதில்லை. வயிற்றில் இருந்தபோது குழந்தைக்கு ரத்தம் வந்த பாதையே அதுதான். அகலமானது, நேராக உள்ளே போவது, குத்த வேண்டியதில்லை, குழந்தைக்கு வலியும் இல்லை. உலோக ஊசியும் ரப்பர் குழாயும் அதற்கு ஒத்துவரவில்லை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் கிடைக்கத் தொடங்கியிருந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொண்டார். 1946 முதல் இந்த முறையில் செய்யத் தொடங்கி, 1948-ல் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு ரத்த மாற்றம் என்பது உலகெங்கும் எந்தக் குழந்தை மருத்துவரும் கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலை ஆனது.

மாணவர்களுக்காக ஒரு சறுக்கலையும் சொல்ல வேண்டும். தம் நோயாளிகளின் கணக்கைப் பார்த்த டயமண்டின் குழு, பெண் கொடையாளரின் ரத்தத்தைக் கொண்டு மாற்றிய குழந்தைகள் அதிகம் பிழைத்தன என்று 1949-ல் எழுதியது. கேட்கவே அழகான கருத்து. பிற்பாடு அது நிலைக்கவில்லை. தற்செயலாக விழுந்த எண்களைப் பொருளுள்ளதாகப் படித்துவிட்டார்கள். ரத்த மாற்றத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்பதையே பிரிட்டனில் மாலிசனும் வாக்கரும் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுச் சோதனையில் பார்த்தார்கள். 1952-ல் வெளியான முடிவு: வெறுமனே ரத்தம் ஏற்றிய குழந்தைகளில் 37 சதவீதம் இறந்தன, ரத்தம் மாற்றிய குழந்தைகளில் 13 சதவீதம். டயமண்டின் பெரிய கருத்து தப்பியது, சின்னக் கருத்து விழுந்தது. எவ்வளவு பெரிய கண்ணாக இருந்தாலும் தராசு வேறு ஒருவர் கையில் இருப்பது நல்லது.

மறுமுனை

வார்டு மருத்துவர் ஒருவர் இந்த இடத்தில் நின்றிருக்கலாம். பெயர் வந்துவிட்டது, நோயாளிகள் தேடி வருகிறார்கள். டயமண்ட் அடுத்துச் செய்ததுதான் என் பேச்சின் மையம்.

1948-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பொதுமக்களுக்கான தேசிய ரத்தத் திட்டத்தைத் தொடங்கியது. போர்க்காலத்தில் படைவீரர்களுக்காக ரத்தம் சேர்த்த அனுபவத்தை அமைதிக்காலத்துக்குக் கொண்டுவரும் முயற்சி. முதல் மையம் ஜனவரியில் ராச்செஸ்டரில் திறந்தது. அந்தத் தேசியத் திட்டத்தின் மருத்துவ இயக்குநராக 1948 முதல் 1950 வரை இருந்தவர் டயமண்ட். குழந்தை மருத்துவர் ஒருவர் கொடையாளர் முகாம், குளிர்சாதனப் பெட்டி, லேபிள், லாரி என்று இறங்கிவிட்டார். அந்தக் காலத்தில் கொடையாளரின் இனத்தைக் குறித்து வைத்து ரத்தத்தையே கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1950-ல்தான் செஞ்சிலுவை அதைக் கைவிட்டது. சிவப்பணுவில் பார்க்க வேண்டிய வேற்றுமை எது, பார்க்கக் கூடாதது எது என்பதை ஒரு நாடு கற்றுக்கொண்ட காலம் அது.

அவர் ஏன் போனார்? குழந்தையின் தொப்புளில் அவர் செலுத்திய குழாயின் மறுமுனை ஒரு கொடையாளரின் கையில் இருக்கிறது என்பதால். இரவு ஒரு மணிக்கு நெகட்டிவ் ரத்தம் கிடைக்கவில்லை என்றால் தொப்புள் சிரை திறந்திருந்து என்ன பயன்? எதிர்ப்புப் பொருளைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆய்வகம் இருந்தால் எந்தத் தாய்க்கு ஆபத்து என்று எப்படி முன்கூட்டிச் சொல்வது? அந்தச் சோதனைமுறையிலும் அவர் கை வைத்தார். உப்புக் கரைசலில் தன்னைக் காட்டிக்கொள்ளாத ஆர்ஹெச் எதிர்ப்புப் பொருளை ஆல்புமினில் வெளிப்பட வைக்கலாம் என்று அவருடைய கூடம் காட்டியது. அதே பாஸ்டனில் அறுவை மருத்துவர் கார்ல் வால்டர், கண்ணாடிப் பாட்டிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். இன்று நாம் ரத்தத்தை அணுக்களாகவும் பிளாஸ்மாவாகவும் பிளேட்லெட்டாகவும் பிரித்து மூன்று நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம் என்றால் அந்தப் பை இல்லாமல் நடக்காது.

பெருவிரலைப் பார்

டயமண்டின் பெயர் இன்று பாடப்புத்தகத்தில் நிற்பது பெரும்பாலும் வேறொரு நோயால். 1938-ல் அவரும் பிளாக்ஃபேனும் நான்கு குழந்தைகளை விவரித்தார்கள். பிறந்த முதல் ஆண்டிலேயே வெளுக்கிறார்கள். வெள்ளையணு சரி, பிளேட்லெட் சரி. மஜ்ஜை சிவப்பணுவை மட்டும் தயாரிக்க மறுக்கிறது. டயமண்ட்–பிளாக்ஃபேன் சோகை. இவர்களில் சிலருக்குக் கட்டைவிரலில் இரண்டுக்குப் பதிலாக மூன்று கணு இருக்கும். வெளுத்த கைக்குழந்தையைக் கண்டால் முதலில் பெருவிரலைப் பார் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. ஊசி எடுக்குமுன் செய்யக்கூடிய, செலவில்லாத சோதனை. இந்த நோய்க்கான முதல் மரபணு, ரைபோசோமின் ஒரு புரதத்துக்குரியது, 1999-ன் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் டயமண்ட் 97-வது வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

நமக்கும் பாஸ்டனுக்கும் ஒரு பாலம் இருக்கிறது. 1948 ஜூனில், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் தற்காலிகமாகவாவது பின்வாங்க வைக்க முடியும் என்று உலகுக்குச் சொன்ன சிட்னி ஃபார்பரின் கட்டுரையில் இரண்டாவது பெயர் டயமண்டுடையது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு முன்னேற்றம். அந்த அமினாப்டெரின் மருந்து வந்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவின் மேற்பார்வையில் இருந்த குழுவிடமிருந்து. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதரில் அறுவை அங்கி அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியேறியவர். கட்டுரை வெளிவந்து இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், அவர் இறந்துவிட்டார்.

சீடர்களையும் சொல்ல வேண்டும். டயமண்டுக்குப் பிறகு அந்தப் பிரிவை ஏற்று நடத்திய டேவிட் நாதனும், டயமண்டிடம் பயின்ற ஃபிராங்க் ஓஸ்கியும் 1974-ல் தொகுத்த நூல்தான் இன்றும் குழந்தை ரத்தவியலுக்கு எங்கள் மேசையில் இருக்கும் புத்தகம். 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' எழுதிய ஜாரெட் டயமண்ட் இவருடைய மகன். ரத்தத்தால் ஒரு கொடிவழி, கல்வியால் ஒரு கொடிவழி.

வேண்டாமற்போன வித்தை

நான் அன்றிரவு செய்த ரத்த மாற்றத்தை இன்றைய பி.ஜி. மாணவர்கள் பலர் ஒருமுறைகூடச் செய்யாமலே தேர்வு எழுதுகிறார்கள். அது நல்ல செய்தி.

இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற சிஸ்டர், குறைமாதக் குழந்தைகளை வெயில் காயத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகும் வழக்கமுள்ளவர். 1956-ல் ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார்: உடம்பெல்லாம் வெளிறியிருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாக இருந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் கரைந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் நீல விளக்கு. நம் பாட்டிமார் பிள்ளையை இளவெயிலில் காட்டுவதை நினைத்துப் புன்னகை வரும். ஆனால் முதல் நாள் மஞ்சளுக்கு இளவெயில் போதாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, ஆன்டி-டி ஊசி. நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் தனித்தனியாக உழைத்த குழுக்கள் கண்ட வழி. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் கலந்துவிடும் குழந்தையின் அணுக்களை, தாயின் உடம்பு அடையாளம் கண்டு பகைகொள்ளும் முன்பே ஊசி மூலம் அகற்றிவிடுவது. 1968-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி. அடுத்த பிள்ளைக்கு ஆபத்து நீங்கியது. டயமண்ட் தம் ஆயுளின் பாதியைச் செலவிட்ட நோய், அவர் கண்ணெதிரே அரிதானது. தன் வித்தை தேவையற்றுப்போவதைப் பார்க்கும் வரம் மருத்துவர்களில் சிலருக்கே வாய்க்கும்.

ஆனால் அன்றிரவு என்னிடம் வந்த தாய்க்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. மருந்து கண்டுபிடித்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும்! குரூப் பார்த்த ஆய்வகத்துக்கும் பிரசவம் பார்த்தவர்களுக்கும் இடையே ஒரு துண்டுச் சீட்டு போய்ச் சேரவில்லை. நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆர்ஹெச் நெகட்டிவ், அதனாலேயே மறந்துபோகிறது. கரு கலைந்தாலும் இந்த ஊசி வேண்டும் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

நம் ஊரில் இரண்டு முனை

இனி நம் நிலையைப் பார்ப்போம். ஆர்ஹெச் நோய் குறைந்துவிட்டது. ஆனால் பரம்பரை ரத்தசோகையான தாலசீமியா உள்ள குழந்தை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ரத்தத்துக்கு வருகிறது. ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு. உடம்புக்கு அதை வெளியேற்ற வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அந்நியரின் அணுக்கள் உள்ளே போவதால், சில குழந்தைகளின் உடம்பு அவற்றுக்கெதிராகப் பகை வளர்க்கிறது. பிறகு ஒத்துப்போகும் பை கிடைப்பதே தேடலாகிவிடுகிறது. முதல் பை ஏற்றுவதற்கு முன்பே, ஏ, பி, ஓ, ஆர்ஹெச் டி என்பதோடு நில்லாமல், கெல் போன்ற குரூப்களையும் பார்த்து, முடிந்தவரை ஒத்த ரத்தம் கொடுத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்கு ரத்த வங்கிக்குத் தெரிய வேண்டியது, 'பி பாசிட்டிவ், ஒரு யூனிட்' என்ற சீட்டு மட்டும் போதாது. அது எந்தக் குழந்தைக்கு, இன்னும் எத்தனை ஆண்டுக்கு என்பது தெரிய வேண்டும்.

நீலகிரியைப் பாருங்கள். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுப் பண்பைக் கண்டு 1952-ல் எழுதினார்கள். கட்புஷ் லண்டனில் அதே மாலிசனின் கூடத்தைச் சேர்ந்தவர். கொடிவழி எங்கெல்லாம் படர்கிறது பாருங்கள். அரிவாள் அணுக் குழந்தைக்கு ரத்தம் தேவைப்படும் நேரமும் உண்டு. வெளுத்திருக்கிறதே என்று அதிகமாக ஏற்றினால் ரத்தம் கெட்டித்துப் பக்கவாதம் வரும் நேரமும் உண்டு. எவ்வளவு என்று முடிவு செய்ய வார்டும் ரத்த வங்கியும் பேசிக்கொள்ள வேண்டும்.

நாம் முன்னேறவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றம் தொடங்கியது. பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் நாட்டில் நிறுத்தினார்கள். கல்லூரி மாணவர்களும் ரசிகர் மன்றத்தாரும் கை நீட்டி அந்த இடத்தை நிரப்பினார்கள். சைப்ரஸ் தீவு, திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்து, தாலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டது. அத்தை மகன், மாமன் மகள் என்று கொடிவழிக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்திருக்கும் நாம், ஜாதகத்தோடு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் நம் மருத்துவமனைகளில் இந்த இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் போனில் மட்டுமே தெரியும், அதுவும் சண்டைக்குரலில். வார்டில் இருப்பவருக்கு ரத்த வங்கி என்பது தாமதம் செய்யும் ஜன்னல். ரத்த வங்கியில் இருப்பவருக்கு வார்டு என்பது தப்பும் தவறுமாகச் சீட்டு எழுதும் கூட்டம். டயமண்டின் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான்: ஒரு முனையை மட்டும் பிடித்திருந்தால் அவர் நல்ல குழந்தை மருத்துவராகவோ நல்ல ஆய்வக நிபுணராகவோ இருந்திருப்பார், இரண்டையும் பிடித்ததால்தான் குழந்தைகள் பிழைத்தன. எல்லோரும் டயமண்ட் ஆக முடியாது. வாரம் ஒருநாள், அந்த வாரம் ரத்தம் பெற்ற குழந்தைகளின் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஒரு மணி நேரம் உட்கார முடியும். ரத்த வங்கியில் மூன்று மாதம் உட்காராத யாரையும் குழந்தை ரத்தவியலர் என்று அனுப்பக் கூடாது என்று பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இரவை முடித்துவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு நான் டியூட்டி முடித்துக் கிளம்பும்போது ரத்த வங்கி அம்மையார் மறுபடி படியேறி வந்தார். பாட்டிலைத் திரும்ப வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அட்டெண்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன் மேடம் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே தொட்டிலுக்குப் போய், குனிந்து, குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார்.

"பாட்டிலுக்கு நம்பர் போட்டவ பிள்ளையைப் பாக்க வேண்டாமாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இரவு. ரத்தம் கேட்டு நான் ஆள் அனுப்பியது குறைவு. நானே டியூபை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறேன். இரண்டு டியூப்.